உள்பக்கம் பார்க்க வேண்டிய புள்ளி

வண்டிச் சக்கரங்களை நேராக்கித் தரும் பட்டறை அவளுடையது. அவளைவிட இருபது வயது மூத்த டிரைவர்கள்கூட அவளை ‘அலைன்மென்ட் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். நரைத்த மீசையோடு ஒருவர் வந்து நின்று, “அக்கா, வண்டி இடதுபக்கமா இழுக்குது” என்று சிணுங்கும்போது சிரிப்பை அடக்குவது பெரும்பாடு. வேலை முடிந்ததும், இறுக்கிய ஒவ்வொரு நட்டின் மேலும் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு இழுப்பாள். நட்டு மயிரிழை திரும்பினாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். அந்தப் பூச்சை அவள் நகத்தில் பூசி யாரும் பார்த்ததில்லை.

அப்பேர்ப்பட்டவள் மேல்தான் பழி விழுந்தது.

தங்கை, வீட்டில் எல்லோருக்கும் சின்னவள், மேடுபள்ளப் பந்தயங்களில் ஜீப் ஓட்டுகிறவள். அந்த ஜீப்பின் முன்பக்கம் முழுக்க அக்காவின் கைவேலை. பெரிய டயர் மாட்ட வேண்டும் என்று ஸ்பிரிங்கை உயர்த்தினார்கள். உயர்த்தினால் முன் ஆக்சில் தன் சாய்வை இழக்கும். சக்கரம் திரும்புகிற அச்சு, மேல்முனை கொஞ்சம் பின்னால் சாய்ந்து நின்றால்தான் ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பி வரும். கேஸ்டர் என்பது அந்தச் சாய்வுதான். அது போய்விட்டால் ஸ்டியரிங் கையில் அடங்காது. அதனால் ஆக்சிலைப் பிடிக்கும் இரும்புக் கைகளைப் புதிதாக, நீளம் மாற்றும்படி செய்து, சாய்வைத் திரும்பக் கொண்டுவந்து, கோடு போட்டு அனுப்பினாள். வண்டி தண்டவாளத்தில் போவது மாதிரி போயிற்று. சின்னவள் அக்காவைக் கட்டிப்பிடித்து, கிரீஸ் சட்டையோடு முத்தம் கொடுத்தாள்.

போன பந்தயத்தின் கடைசி இறக்கத்தில் ஸ்டியரிங் பேய் பிடித்த மாதிரி உதறி, ஜீப் உருண்டது. சின்னவளுக்கு வெறும் சிராய்ப்பு. பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்கிறவன், மேப்பு என்று பட்டப்பெயர், அவனுக்கு இடுப்பெலும்பு நொறுங்கியது. பந்தயக் கிளப்பில் கூடிப் பேசி, ‘அலைன்மென்ட் சரியில்லை’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். சின்னவள் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். நொறுங்கிய ஜீப்பைக் கிளப் ஷெட்டில் பூட்டி வைத்தார்கள்.

அக்கா சண்டை போடவில்லை. போட்டிருக்க வேண்டியவள்தான். ஆனால் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. எந்த நட்டை விட்டேன், எந்தக் கோணத்தைத் தப்பாகப் படித்தேன் என்று தனக்குள்ளேயே குடைந்துகொண்டு, சாப்பிடும்போதுகூட விரல்கள் நட்டு முடுக்குவது போல அசையும். ஜீப் வேலையே வேண்டாம் என்று பட்டறைப் போர்டில் அந்த வரியை அழித்தாள். ஞாயிறு தவறாமல் மேப்பு வீட்டுக்குப் போய்வந்தாள். முதல் நாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, “என்னாலதான்பா, மன்னிச்சுடு” என்று குலுங்கிக் குலுங்கி அழுதாள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு, “விடுங்கக்கா” என்றான். என்ன பெரிய மனசு என்று அவள் மேலும் அழுதாள். அன்று அவனுடைய சக்கர நாற்காலி ஒருபக்கமாக இழுப்பதைப் பார்த்துவிட்டாள். அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்து, முன் குட்டிச் சக்கரங்களை நேராக்கிவிட்டுத்தான் கிளம்பினாள். மனுஷி எங்கே போனாலும் அந்தப் புத்தி போகாது.

அவள் வீட்டுக்காரர் லேத்தில் இரும்பு கடைகிறவர். இரண்டு பட்டறைக்கும் நடுவில் ஒரு தகரச் சுவர்தான். அவருக்கும் ஒரு பழக்கம் உண்டு. எதைக் கடைந்தாலும் ஒரு பக்கத்தில் பஞ்ச் என்கிற கூர் உளியால் ஒரு புள்ளி குத்துவார், எந்தப் பக்கம் எங்கே இருக்க வேண்டும் என்று தெரிவதற்கு. வீட்டில் கட்டில்காலில் புள்ளி, கதவுத் தாழ்ப்பாளில் புள்ளி, அவளுடைய டீ டம்ளர் வைக்கும் வளையத்தில்கூடப் புள்ளி. “என் நெத்தியிலயும் ஒண்ணு குத்திடுங்க, எது முன்பக்கம்னு உங்களுக்கு மறந்துடப் போகுது” என்று கிண்டல் செய்வாள். இந்த மாதங்கள் முழுக்க அவர்தான் ஆறுதல். “விடு. கை தவறாதவங்க யாரு இருக்கா?” என்று தலையை வருடிக்கொடுப்பார். இப்படி ஒரு மனுஷன் கிடைத்தாரே என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

கிளப் ஷெட்டைக் காலி செய்யச் சொன்னதும், சின்னவள் ஜீப்பைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து பட்டறையில் விட்டாள்.

“அக்கா, நீ பண்ணினாத்தான் எனக்கு நம்பிக்கை. ஆக்சிலை மட்டும் பிரிக்காத, அப்படியே தூக்கிப் போட்டுட்டுப் புதுசு மாட்டிடலாம்.”

“பிரிக்காம எப்படிடீ தெரியும், நான் எங்க தப்பு பண்ணினேன்னு?”

“தெரிஞ்சு என்னக்கா ஆகப்போகுது?” என்று சொல்லிவிட்டுச் சின்னவள் அரக்கப்பரக்கக் கிளம்பிப் போனாள்.

மறுநாள் காலையில் அக்கா பிரித்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு நட்டாகப் பார்த்தாள். சேற்றைச் சுரண்டினால் சிவப்புக் கோடு. உடையவில்லை. அடுத்ததிலும் உடையவில்லை. அவள் போட்ட கோடு எல்லாமே முழுசாக இருந்தது. ஆக்சில் குழாய் மட்டும் இடது பக்கம் வளைந்திருந்தது. உருண்டதில் வளைந்திருக்கும் என்று நினைத்தாள்.

இடது சக்கரத்தின் அச்சை மேல்முனையில் பிடிக்கும் பால் ஜாயின்ட்டைக் கழற்றியபோது, அதைச் சுற்றி ஒரு புஷ், இரும்பு வளையம், வந்தது. அந்த ஜாயின்ட்டின் நட்டை அவள் தொட்டதில்லை, அதில் அவள் கோடும் கிடையாது; இந்தப் புஷ்ஷும் அவள் போட்டது இல்லை. ஓட்டை நடுவில் இல்லாமல் ஒருபக்கமாக ஒதுங்கி, ஒரு பக்கம் தடித்து, ஒரு பக்கம் மெலிந்திருந்தது. இந்தத் தொழிலில் அதற்கு ஒரே ஒரு வேலைதான். வளைந்த ஆக்சிலில் உள்ளே சாய்ந்துபோன சக்கரத்தை, வெளியே தெரியாமல் நிமிர்த்தி நிறுத்துவது.

அவளுக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் உட்கார்ந்துவிட்டாள். உருண்ட பிறகு வண்டியை யாரும் தொடவில்லை, பூட்டிக் கிடந்தது. அப்படியானால் ஆக்சில் அதற்கு முன்பே வளைந்திருக்கிறது. யாரோ அதை மறைத்திருக்கிறார்கள். மறைத்த புஷ் தன் இடத்தில் நிற்காமல், ஓட்டத்தில் சுழன்றிருக்கிறது. உள்பக்கம் பார்க்க வேண்டிய தடித்த பக்கம் பின்பக்கம் பார்த்து, அச்சின் மேல்முனையை முன்னால் தள்ளியிருக்கிறது. அவள் பாடுபட்டுக் கொண்டுவந்த சாய்வு அந்தச் சக்கரத்தில் அப்படியே போய்விட்டது. பிறகு உதறாமல் என்ன செய்யும்?

என் கை இல்லை என்று ஒரு நிமிஷம் சந்தோஷமாகக்கூட இருந்தது. புஷ்ஷை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தாள்.

தடித்த பக்கத்தில் பஞ்ச் உளியால் குத்திய ஒரு புள்ளி.

தகரச் சுவருக்கு அந்தப் பக்கம் லேத்து ஓடிக்கொண்டிருந்தது. அவள் கூப்பிடவில்லை. பதினோரு மணி டீயோடு அவரே வந்தார். மேசை மேல் இருந்ததைப் பார்த்தார். டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

“எப்ப கடைஞ்சீங்க?”

“பந்தயத்துக்கு முந்தின வாரம். பழகும்போது சின்னவ ஒரு மேட்டுலேருந்து குதிச்சு ஆக்சில வளைச்சுட்டா. உன்கிட்ட சொன்னா நீ வண்டிய ஓட விடமாட்டேன்னு அழுதா.”

“விட்டிருக்க மாட்டேன்தான்.”

“ஒரே ஒரு பந்தயத்துக்கு மட்டும், மாமான்னு கெஞ்சினா. நானும்...”

“அத விடுங்க. விழுந்ததுக்கு அப்புறம்? நான் ராத்திரியெல்லாம் தூங்காம எந்த நட்டு, எந்த நட்டுன்னு புலம்பினேனே, அப்ப பக்கத்துலதானே படுத்திருந்தீங்க?”

அவர் டம்ளரை மேசை ஓரத்தில் வைத்தார். “வெளிய தெரிஞ்சா அவ ஓட்டவே முடியாது. அவ்வளவுதான் அவ வாழ்க்கை. நீ தாங்கிப்பேன்னு நினைச்சோம்.”

நினைச்சோம். இருவரும் உட்கார்ந்து பேசி, யார் தலையில் கட்டலாம் என்று பார்த்து, இவள் தலை உறுதி என்று கட்டியிருக்கிறார்கள். தலையை வருடிய அந்தக் கைதான் புள்ளியையும் குத்தியிருக்கிறது. கையில் இருந்த துணியை அவர் மேல் எறிந்தாள். அது அவர் சட்டையில் பட்டுக் கீழே விழுந்தது. அவர் குனிந்து எடுக்கவில்லை.

புஷ்ஷைக் கைப்பையில் போட்டுக்கொண்டு நேராக மேப்பு வீட்டுக்குப் போனாள். உலகத்தில் ஒருத்தனுக்காவது உடனே சொல்லியாக வேண்டும். அவன்தான் அடிபட்டவன், அவன்தான் மன்னித்தவன். ஞாயிறு இல்லாத நாளில் அவள் வந்ததைப் பார்த்து அவன் முகம் மலர்ந்தது.

“இத பாருப்பா. நான் இல்ல. ஆக்சில் முன்னாடியே வளைஞ்சிருக்கு. மறைச்சுட்டாங்க. உன்னையும் ஏமாத்தி உக்கார வச்சிருக்காங்க.”

அவன் புஷ்ஷைக் கையில் வாங்கவில்லை. சுவரைப் பார்த்தான். அதே சுவர், அதே பார்வை.

அவள் நீட்டிய கையை மடக்கினாள். “உனக்குத் தெரியுமா?”

“குதிச்ச அன்னைக்கு நானும்தானே உள்ள இருந்தேன்.” குரல் தணிந்துபோயிற்று. “வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கும் ஆசை, ஜெயிக்கணும்னு. அப்புறம் நீங்க வந்து அழுதீங்க. அன்னைக்கே சொல்லிடலாம்னுதான் இருந்தேன். ஆனா கிளப்லேருந்து ஒருத்தனும் எட்டிப் பாக்கல. அவளும் வரல. நீங்க மட்டும்தான் வந்தீங்க. சொல்லிட்டா நீங்களும் வரமாட்டீங்களே?”

அவனை அறைய வேண்டும் போலவும் இருந்தது, அவன் மடியில் விழுந்து அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் அவன் முன்னால் குற்றவாளியாகக் கைகட்டி உட்கார்ந்திருந்தோம் என்பதுதான் திரும்பத் திரும்ப மனசில் ஓடியது. பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“அக்கா, ஞாயித்துக்கிழமை...”

அவள் நடந்தாள். பின்னால் நாற்காலி உருளும் சத்தம் கேட்டது. கூடத்தின் முழு நீளத்துக்கும் அவள் பின்னாலேயே வந்தது. வாசற்படியில் திரும்பிப் பார்த்தாள். அவன் கைகளை மடியில் வைத்துக்கொண்டிருந்தான். ஒரு தடவை தள்ளிவிட்டதோடு சரி. நாற்காலி அவள் வைத்துக் கொடுத்தபடியே, எந்தப் பக்கமும் இழுக்காமல், நேராக அவளிடம் வந்துகொண்டிருந்தது.