கை மாறிய காப்பு

சின்னப்பாப்பாவுக்கு ஆறு வயது. பத்தடி நடந்தால் மூச்சிரைத்துக் குந்திவிடுவாள். உதடும் நகமும் எப்போதும் நாவல்பழம் தின்ற மாதிரி நீலம். பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை என்று புதுச்சேரி ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லியிருந்தார். வேலூரில் இப்போது அதைத் தைக்கிறார்கள் என்று சொன்னவரும் அவர்தான்.

"அடிச்சிக்கினே இருக்கிறத எப்படி டாக்டர் முசே தைப்பாங்க?" என்று தாய் அன்னக்கிளி கேட்டாள்.

"நிறுத்திட்டுத்தான்."

"நிறுத்தினா புள்ள செத்துடாதா?"

"அந்த நேரத்துக்கு வெளியில ஒரு மெஷின் இதயத்தோட வேலையப் பாத்துக்கும். ஆனா அது வெறுமையா ஓடாது. முதல்ல ரத்தம் ரொப்பணும். அன்னைக்கே எடுத்த ரத்தமா இருக்கணும். அஞ்சு பேராவது அங்க வந்து குடுக்கணும்."

அவள் புருஷன் வடிவேல் மில்லில் தறி ஓட்டுகிறவன். "கைபம்பு மாதிரிடி. காஞ்சு கெடந்தா ரெண்டு சொம்பு ஊத்தினாத்தானே இழுக்கும்?" என்றான்.

"அப்படித்தான் வெச்சிக்கோ," என்றார் டாக்டர். "அஞ்சுல ஒண்ணு கொறஞ்சாலும் தேதி தள்ளிடும். இந்தப் புள்ள அதுவரைக்கும் தாங்காது."

பெற்றவர்கள் இருவர் ரத்தமும் சேரவில்லை. மில்லில் பார்த்ததில் நாலு பேருக்குச் சேர்ந்தது. ஐந்தாவது ஆள் அன்னக்கிளியின் அண்ணன் கோவிந்தராசு.

ஞாயிற்றுக்கிழமை வேலூரிலிருந்து தந்தி வந்தது. செவ்வாயன்று பிள்ளையோடு வரச் சொல்லியிருந்தார்கள். அன்னக்கிளி தந்தியை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்கு ஓடினாள். அண்ணன் வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிறும் மஞ்சள் துண்டுமாகக் காப்பு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவர்கள் ஊரான சாரத்துத் திரௌபதியம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமை தீமிதி. காப்பு கட்டியவன் தீ மிதித்து முடிக்கிற வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது.

"ஏண்ணா, ஒரு வார்த்த கேக்காம ஏன் கட்டிக்கினே?"

"தேதி அடுத்த மாசம்னுதானே சொன்னீங்க! ஓம் புள்ளைக்கு வேண்டிக்கினுதான்டி கட்டினேன். எனக்கென்ன உள்ளங்காலு அரிக்குதா?"

"மாமன் ரத்தம் ஊத்தினாத்தான் மெஷினு ஓடுமாமா?" என்றாள் அண்ணி கமலா. "ஊருல வேற ஆம்பளையே இல்லியா?"

"மில்லு பூரா பாத்தாச்சு அண்ணி."

மூன்று பேருமாகப் பூசாரி பாவாடையிடம் போனார்கள். அவர் திருநீற்றுத் தட்டைத் துடைத்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"கட்டினத அவுத்துப் போட முடியாது. கூடப்பொறந்தவங்க கைக்கு மாத்தலாம். எங்கப்பன் காலத்துல ஒரு தடவ மாத்தியிருக்காங்க. மாத்திக்கினவங்கதான் தீயில எறங்கணும். எல்லை தாண்டாம இருக்கிறதும் அவங்க பொறுப்பு."

கோவிந்தராசுக்கு வேறு உடன்பிறப்பு கிடையாது.

"எங்கையில கட்டுங்க," என்றாள் அன்னக்கிளி.

"பைத்தியமாடி ஒனக்கு? அங்க புள்ள நெஞ்ச அறுக்கச்ச நீ இங்க குந்திக்கினு இருப்பியா?" என்றான் கோவிந்தராசு.

"நான் வந்து என்னா பண்ணப் போறேன்? என் ரத்தத்த வேணாம்னுட்டாங்க. உன்னுத வேணும்னாங்க. வேணுங்கறது போவட்டும்."

பூசாரி கற்பூரம் ஏற்றினார். அண்ணன் கையிலிருந்து கழற்றிய காப்பைத் தரையில் படாமல் தங்கை கையில் கட்டினார். அவள் மணிக்கட்டுக்குக் கயிறு தொளதொளவென்று இருந்தது. இன்னொரு முடிச்சு போட்டார்.

செவ்வாய் விடியற்காலை எல்லைக்கல் வரைக்கும் அன்னக்கிளி நடந்து வந்தாள். எல்லைக்கு அப்பால், டவுனில் பெரிய மார்க்கெட் பக்கம் மில்லுக்காரர்கள் நாலு பேரும் பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள். வடிவேல் தோளில் இருந்த சின்னப்பாப்பா திரும்பிப் பார்த்தாள்.

"நீ வரலியாம்மா?"

"பின்னாடியே வர்றேன், போ."

"அவ அங்க கேட்டா என்னா சொல்றது?" என்றான் வடிவேல் தணிந்த குரலில்.

"வாயில வர்றத சொல்லுங்க."

பிறகு சேதி ஒன்றும் வரவில்லை. அன்னக்கிளி ஒரு வேளை சாப்பாட்டோடு கோயிலுக்கும் வீட்டுக்குமாக நடந்தாள். தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி, "பெத்தவளாம், இங்க குந்திக்கினு கெடக்கிறா," என்றாள். குடத்தை இடுப்பில் வைத்திருந்த கமலா திரும்பினாள். "நீ போயி மெஷினுக்கு விசிறி விடறதுதானே? வந்துட்டா பேச."

வெள்ளி சாயங்காலம் மஞ்சள் நனைத்த சேலையோடு அன்னக்கிளி வரிசையில் நின்றாள். குழியில் தணல் பரப்பி, முறத்தால் சாம்பலை விசிறிக்கொண்டிருந்தார்கள். பம்பை மேளம் காதைப் பிளந்தது. கூட்டத்தை முழங்கையால் தள்ளிக்கொண்டு கோவிந்தராசு வந்தான். பஸ்ஸிலிருந்து நேராக வந்தவன் மாதிரி சட்டையெல்லாம் புழுதி.

அவள் ஒன்றைத்தான் கேட்டாள்.

"நகம்?"

"செவப்பு. இந்தா, என் நகம் மாதிரி." கையை நீட்டிக் காட்டினான். "மெஷின நிறுத்தின பொறவு நெஞ்சு தானா அடிச்சிக்கிச்சாம். நேத்து கண்ணத் தொறந்துட்டா. கஞ்சி குடிச்சா. வடிவேலு கூட இருக்கான்."

அன்னக்கிளி அந்த நகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். முன்னால் நின்றவர் ஓரடி நகர்ந்தார்.

"என்னிய கேட்டாளா?"

"கேக்காம? எல்லார் ரத்தத்தையும் மெஷினுக்குள்ள ஊத்தினாங்கன்னு நர்ஸம்மா அவகிட்ட சொல்லியிருக்கு. எங்கம்மா அதுக்குள்ளயா இருக்குதுன்னு கேட்டா."

"நீ என்னா சொன்னே?"

"ஆமான்னுட்டேன்."

"சரி, தள்ளிக்கோ," என்றாள் அன்னக்கிளி. "என் முறை வந்துடுச்சு."