நினைத்தால் அசையாத விரல்

"அந்தப் பத்திரத்தக் காட்டுங்க" என்று பூவம்மாள் கேட்டாள். கூடத்தில் கிடத்தியிருந்த அவள் அப்பா வைரக்கண்ணுவுக்கு உயிர் மட்டும் இருந்திருந்தால் எழுந்து வந்து அவள் வாயைப் பொத்தியிருப்பார். பண்ணையில் எதை வேண்டுமானாலும் கேள், காகிதம் மட்டும் கேட்காதே என்று சொல்லிச் சொல்லி வளர்த்தவர். பி.எஸ்ஸி. படிக்க வைத்ததும் அவரேதான்.

பண்ணையின் காரியக்காரர் பஞ்சநதம் மாலை போட்ட கையோடு விஷயத்தையும் போட்டிருந்தார். ஆறு மா குத்தகை நிலத்தையும் வைரக்கண்ணு போன ஆனியிலேயே பண்ணைக்கு மனசார எழுதி ஒப்படைத்துவிட்டாராம். குறுவை அறுப்புக்கு யாரும் இறங்க வேண்டாமாம். குத்தகைக்காரர் பெயரைப் பதியச் சொல்லிச் சர்க்கார் சட்டம் போட்டிருந்த சமயம் அது. மனுக் கொடுக்க அன்று மாலையோடு கெடு. துக்க வீட்டுப் பெண்கள் பதினாறு நாள் படி இறங்க மாட்டார்கள் என்பது பஞ்சநதத்துக்குத் தெரியும்.

பெண்பிள்ளை என்ன கண்டுபிடித்துவிடப் போகிறது என்று பத்திரத்தை நீட்டினார். ஆனி பதினேழு. கையெழுத்து மணி மணியாக இருந்தது.

"சித்திரையிலயே அப்பாவுக்குக் கை விழுந்துபோச்சே."

"என்னம்மா நீ, ஆனியில வரப்புல உக்காந்து நாத்து முடி கட்டுனாரே, என் கண்ணால பாத்தேன். விரலு என்னமா ஓடுச்சு!"

பார்த்தது நிஜம்தான். அதில்தான் மனிதர் ஏமாந்துபோனார்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரி டாக்டர் பூவம்மாளுக்குப் படம் போட்டே காட்டியிருந்தார். மூளையின் மேல்மடிப்பில் ஓரிடம் விரலுக்கு உத்தரவு போடும். நெற்றிப் பக்கம் ஓரிடம் கவனத்தைக் குவித்து அதை நடத்தும். பக்கவாதத்தில் வைரக்கண்ணுவுக்கு அடிபட்டது அந்த வழி. நாற்பது வருஷம் பழகிய வேலையோ உள்ளே ஆழத்தில் வேறோரிடத்தில் பதிந்து கிடந்தது. அதற்குக் கவனம் வேண்டாம், கவனித்தால்தான் கெடும்.

அதனால், "விரல மடக்குங்கப்பா" என்றால் அவருக்கு முகம் வேர்க்கும், விரல் கட்டையாகக் கிடக்கும். மாமா உலகநாதன் காங்கிரஸ்காரர். அவர் வந்து உட்கார்ந்து, "உங்க கட்சிக்கு அடுத்த எலெக்ஷன்ல டெபாசிட் கிடைக்காது மச்சான்" என்று கொளுத்திப் போட்டால் போதும். வைரக்கண்ணு வரிந்துகட்டிக்கொண்டு திட்டத் தொடங்குவார். மடியில் வைத்த நாற்றை விரல்கள் தன்பாட்டில் சேர்த்து, சுற்றி, முடிந்துவிடும். யாராவது "அட, கை வேலை செய்யுதே" என்றால் குனிந்து பார்ப்பார். அந்தக் கணமே நாற்று நழுவிவிடும். ஆனி முழுக்க இந்தச் சண்டையைக் கேட்கவே வரப்பில் கூட்டம் கூடியது.

கையெழுத்து அப்படியில்லை. ஐம்பது வயதில் மகளிடம் கற்றது. நல்ல நாளிலேயே நாக்கைக் கடித்துக்கொண்டு எழுத்தெழுத்தாகத்தான் போடுவார்.

உலகநாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "காரியக்காரரே, ஒரு சந்தேகம். கையெழுத்துப் போட்டப்ப மச்சானோட சண்டை போட்டது யாரு? நான் இல்லியே."

பந்தலில் ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோருமே சிரித்துவிட்டார்கள். அம்மா ராசம்மாள் அழுத முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள்; தோள் குலுங்கியது எதனால் என்று சொல்வதற்கில்லை.

"பதினாறு கழியட்டும், பேசிக்கலாம்" என்றார் பஞ்சநதம்.

பூவம்மாள் பத்திரத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். "பத்திரமா வெச்சிருங்க. தாசில்தார் கேப்பாரு. பேனா புடிக்க வரலன்னு டாக்டர் எழுதுன சீட்டு எங்கிட்ட இருக்கு. ஆனி பதினெட்டு."

பஞ்சநதம் பத்திரத்தை மடியில் செருகிக்கொண்டு பந்தலை விட்டு வெளியேறினார்.

மத்தியானம் தப்பு முழங்க வைரக்கண்ணுவைத் தூக்கிப்போனார்கள். பெண்கள் குளத்தில் முழுகித் திரும்பினார்கள். பூவம்மாள் உலர்ந்த சேலை கட்டி, ஆஸ்பத்திரிச் சீட்டையும் மனுவையும் பைக்குள் வைத்தாள். தீட்டோடு தாசில்தார் ஆபீஸ் படியை மிதிப்பதா என்று உறவுக்காரிகள் ஆளுக்கொன்று சொன்னார்கள். அப்பனைத் தூக்கிய ஈரம்கூடக் காயவில்லையே என்றாள் ஒருத்தி. நிலைப்படியில் உட்கார்ந்திருந்த ராசம்மாள் காலை மடக்கிக்கொண்டு ஓரமாக நகர்ந்தாள்.

தெருவில் பொரியும் பூவும் சுடுகாட்டுப் பக்கமாகச் சிதறிப் போயிருந்தன. பூவம்மாள் அவற்றைத் தாண்டி, பாபநாசம் பஸ் நிற்கும் பக்கம் திரும்பி நடந்தாள்.