சுவரோரம் விரித்த வைக்கோல்

கடைசிக் கட்டு வைக்கோலையும் மாட்டுக்கொட்டகைக்குள் தள்ளிக் கதவைச் சாத்திய பிறகுதான் வில்லியத்துக்கு மூச்சு வந்தது. கையில் இன்னும் தம்பியின் மூங்கில் வாள் இருந்தது. அதை விறகுக்குள் செருகினார். பிறகே தம்பியைத் தூக்கப் போனார்.

லூர்துசாமி துவைக்கும் கல்லருகே கிடந்தான். மொட்டைமாடியிலிருந்து குதிக்கையில் கால் கைப்பிடிச் சுவரில் இடறியிருக்க வேண்டும். தான் விரித்திருந்த வைக்கோலுக்கு அப்பால், தலை கல்லில் மோதும்படி விழுந்திருந்தான். உயிர் இல்லை.

நாற்பது வயது, துறைமுகத்தில் குமாஸ்தா. ராயப்பேட்டைக் கூடாரத்துக்குச் சீனத்து ஊமைப் படம் ஒன்று வந்ததிலிருந்து வேறு ஆளாகிவிட்டான். அதில் வாளேந்திய ஒரு பெண் கோயில் கூரையிலிருந்து குதிப்பாளாம்.

"காக்கா இறகு விழுறாப்பல விழுறா, அண்ணே. முட்டி எப்படி மடியுது பாருங்க!"

மாலைதோறும் கூடத்தில் நின்று செய்து காட்டுவான். வில்லியம் பத்திரிகையைத் தாழ்த்தமாட்டார். "வாத்தியார் குடும்பம்டா இது. கூத்தாடிக் குடும்பமில்ல" என்பார்.

கூத்தாடிபோல் குச்சியைப் பிடித்துக்கொண்டு செத்தான் என்று சாந்தோமில் ஒருவரும் சிரிக்கக் கூடாது. அதற்காகத்தான் எல்லாவற்றையும் மறைத்தார்.

பூசைக்குப் போயிருந்த தம்பி மனைவி லூயிசா திரும்பி வந்தபோது கணவன் பாயில் கிடந்தான். அவள் அலறவில்லை. முக்காட்டை எடுத்து அவன் நெற்றிக் காயத்தை மூடினாள்.

அதற்குள் வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டுக் குப்பம்மா பேசிக்கொண்டிருந்தாள்.

"நான் கண்ணால பாத்தேம்மா. செவுத்து மேல நின்னுக்கினு இருந்தாரு. சிலுவை போட்டுக்கினாரு. தானா குதிச்சாரு. கையில இன்னாமோ கோலு கூட..."

"கோலும் கிடையாது, கீலும் கிடையாது," என்றார் வில்லியம். "வழுக்கி விழுந்துட்டான். நீ போய் மீன் வித்துப் பொழை."

"நான் இன்னாத்துக்கு நைனா பொய் சொல்லப் போறேன்? மவராசன், ஒரு நாளாவது என்னாண்ட பேரம் பேசியிருப்பாரா?"

அவள் சொன்னது கோயிலை எட்டிவிட்டது. கோயில்பிள்ளை வந்து, வில்லியத்தின் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "சாவு மணி அடிக்க வேணாம்னுட்டார் சாமி. தானா குதிச்சவருன்னா... விசாரிக்க அவரே வர்றார்."

தன்னைத்தானே மாய்த்துக்கொண்டவனுக்கு மணி இல்லை, பூசை இல்லை, மந்திரித்த மண்ணில் இடமும் இல்லை. ஞானோபதேச வகுப்பில் பிள்ளைகளை அதை மனப்பாடம் செய்ய வைத்தவரே வில்லியம்தான். அப்படிப்பட்டவனுக்குக் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே கருவேலம் புதர்தான். நாய்கள் படுத்திருக்கும் இடம்.

லூயிசா அவர் அருகில் வந்தாள்.

"மாமா, நெசத்தைச் சொல்லுங்க. அந்தப் படத்துக்காக நேத்து சண்டை போட்டேன். அதுக்காகவா?"

அவர் வாசல் பக்கம் பார்த்தார். மணி ஒலிக்கவில்லை. கடல் மட்டும் கேட்டது.

தெருமுனையில் சாமியாரின் குடை தெரிந்தது. வில்லியம் கொல்லைக்கு நடந்தார். கொட்டகையைத் திறந்தார். கோட்டைக்கூடக் கழற்றாமல் வைக்கோலைக் கட்டுக்கட்டாகச் சுமந்து வந்து, முன்பு இருந்த இடத்திலேயே விரித்தார். விறகுக்குள்ளிருந்து மூங்கிலை உருவினார். சாமியாரோடு கூட்டமும் கொல்லைக்குள் வந்துவிட்டது.

"என்ன வாத்தியாரே இது?" என்றார் சாமியார்.

"சாகப் போறவன் கீழ வைக்கோல் விரிப்பானா சாமி? அவன் விரிச்சிருந்தான். நான்தான் ஒளிச்சு வச்சேன்."

"ஏன்?"

"ஊர் சிரிக்கும்னு."

"அப்ப, குதிச்சது எதுக்கு?"

வில்லியம் செருப்பைக் கழற்றினார். வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டினார். வைக்கோல் மேல் ஏறி மூங்கிலைத் தலைக்கு மேல் உயர்த்தி, இடது முட்டியை மடித்து, வலக்காலைக் காற்றில் நிறுத்தினார். அந்தப் படத்தை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. ஆனால் பத்திரிகையின் ஓரமாக மாலைதோறும் பார்த்த ஒரு மடிப்பும் தவறவில்லை.

யாரோ சிரித்தார்கள். அவர் திரும்பவில்லை.

"ஆங், இதேதான்!" என்று குப்பம்மா கத்தினாள். "இப்டித்தான் நின்னாரு! மூஞ்சில சிரிப்பு மட்டும் இல்ல உனுக்கு!"

சாமியார் வைக்கோலைப் பார்த்தார். கைப்பிடிச் சுவரை நிமிர்ந்து பார்த்தார். குடையை மடக்கினார். பிறகு கோயில்பிள்ளையிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். அவன் ஓடினான்.

லூயிசா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கண் வில்லியத்தின் முட்டியை விட்டு நகரவில்லை.

முதல் மணி ஒலித்தபோதும் அவர் காலை இறக்கவில்லை. தம்பி வைப்பதுபோல் ஓசை எழாமல் வைக்கவேண்டும். மெல்ல, மிக மெல்ல, வைக்கோலில் வைத்தார்.