சீவின ஹெட்டும் சாமி வண்டியும்

பழனியாண்டிக் கங்காணிக்கு மீசை ஒண்ணு, லொறி ஒண்ணு. ரெண்டையும் எண்ணெய் போட்டுத் தடவி விடுறதுதான் விடிஞ்சதும் அவருக்கு மொத வேலை. வட்டகொடைக்குப் பக்கத்துல மேமலைத் தேயிலைத் தோட்டத்துல, அவரு கனைச்சா ஆளுக குடியிருக்குற லயமே நடுங்கின காலம் ஒண்ணு இருந்துச்சு. ஐம்பத்தஞ்சாம் வருஷம் அதெல்லாம் போயிருச்சு. தொழிலாளர் சங்கம் வந்து மாயாண்டி தோட்டத் தலைவரானதுலேருந்து, விடியக்காலம் வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்துல இவரு தொண்டை கிழியக் கத்தினாலும், "தலைவர்கிட்ட சொல்லுங்க கங்காணி"ன்னுட்டு ஆளுக அவங்கவங்க பாட்டுக்குப் போயிர்றாங்க. வயிறு எரியுமா எரியாதா மனுஷனுக்கு?

அவருக்குன்னு மிஞ்சினது ஒண்ணே ஒண்ணு. மாரியம்மன் திருவிழாவுல அம்மன் அவரு லொறியில ஏறித்தான் லயம் லயமா ஊர்வலம் வரும். கோயில் வாசல்ல வந்து எறங்கினதும், சாமி வந்த வண்டிக்காரருக்குப் பூசாரி பரிவட்டம் கட்டுவாரு. அம்மன் மேல கெடந்த பட்டுத்துணி, அப்படியே தலையில. தோட்டமே பாத்துக்கிட்டு நிக்கும். வருஷம் பூரா பட்ட அவமானத்துக்கெல்லாம் கங்காணிக்கு அதுதான் மருந்து.

அதுக்கும் போன வருஷம் கேடு வந்துச்சு. பள்ளிக்கூட ஏத்தத்துல லொறி மூச்சு வாங்கி நின்னுபோயி, அம்மனோட சேத்துத் தள்ளிக்கிட்டுப் போனாங்க. "இந்த வருஷமும் நின்னா வேற வண்டிதான்"னு திருவிழாக் கமிட்டியில மாயாண்டி சொன்னப்ப, கமிட்டி மொத்தமும் தலையை ஆட்டிச்சு.

கங்காணி தலவாக்கலைக்கு லொறியைக் கொண்டுபோயி மெக்கானிக் மஃறூப் நானா கராஜுல விட்டாரு. மஃறூப் எஞ்சின் மேல இருக்குற ஹெட்டைக் கழட்டிக் கவுத்துப் போட்டுப் பாத்துட்டு, பல்லைக் காட்டினாரு.

"வால்வு வந்து குந்துற எடமெல்லாம் கருகிப் போச்சு கங்காணியார். இறுக்கி மூட மாட்டேங்குது, பலம் எல்லாம் வெளிய போகுது. ரெண்டு வழி இருக்கு. கருகினதைக் கடைஞ்செடுத்துட்டு உருக்கு வளையம் எறக்கலாம். வளையம் கொழும்புலேருந்து வரணும். செலவு கூட, நாளும் இழுக்கும். ஆனா உங்க காலத்துக்கு அசையாது."

"மத்தது?"

"ஹெட்டோட அடியைச் சீவி விடலாம். எஞ்சின் இன்னும் நெருக்கிப் பிடிக்கும், ஏத்தத்துல பாயும். சல்லிசு. நாளைக்கே எடுத்துக்கிட்டுப் போகலாம். கருகினது கருகினபடிதான் இருக்கும், சூடும் கூடும். ஓடிக்கிட்டே இருந்தா தாங்கும். நின்ன எடத்துல உறும விட்டீங்கன்னா பொறுப்பு உங்களுது. எனக்கென்ன, வளையம் போட்டா ஒரு தரம் வருவீங்க, சீவினா அடிக்கடி வருவீங்க."

பக்கத்துலயே கடை மொதலாளி மீராசாஹிப்போட லொறி, அதே நோவுல, வளையத்துக்குக் காத்துக்கிட்டுக் கட்டை மேல நின்னுச்சு. கங்காணிக்குச் சிரிப்பு தாங்கல.

"என்னா மொதலாளி, வண்டி பிள்ளை பெத்துப் படுத்திருக்கா?"

"படுக்கட்டும் கங்காணியார். எழும்பினா அரிசி மூட்டையோட எழும்பணும்ல"ன்னாரு மீராசாஹிப்.

கங்காணி சீவச் சொல்லிட்டாரு. மறுநாள் லொறி ஏத்தத்துல பறந்துச்சு. லொறி ஓட்டுற மூக்கனுக்குத்தான் மனசு சரியில்ல. "உள்ள டொக்கு டொக்குன்னு தட்டுதுங்க"ன்னான்.

"அது பலம்டா! பலம் தட்டத்தான் செய்யும்"ன்னாரு கங்காணி.

திருவிழா அன்னைக்கு வாழைமரம் கட்டி, வண்ணக் கடுதாசி ஒட்டி, லொறி மாப்பிள்ளை கணக்கா நின்னுச்சு. அம்மன் ஏறினதும் கங்காணி ஒரு உத்தரவு போட்டாரு. "சாமி எறங்குற வரைக்கும் எஞ்சின் அணையவே கூடாது. போன வருஷம் அணைஞ்சதாலதான் சனம் அபசகுனம்னு பேசிச்சு."

ஊர்வலம்னா என்ன, ஓட்டப் பந்தயமா? முன்னால தப்பு அடிச்சுக்கிட்டுப் போறவங்க நடையிலதான் லொறி போகணும். ஒவ்வொரு லயத்துலயும் வாசலுக்கு வாசல் தேங்காய் ஒடைச்சு, சூடம் காட்டி, அர்ச்சனை முடியுற மட்டும் நிக்கணும். அத்தனை நேரமும் லொறி நின்ன எடத்துலயே உறுமுது. பாயுறதுக்குன்னு சீவின எஞ்சின் அது. எங்கிட்டுப் பாயும் பாவம்?

நாலாவது லயத்துல வண்டிக்குப் பின்னால வெள்ளையா பொகை குபுகுபுன்னு வந்துச்சு. "ஆத்தாடி, கங்காணியார் சாம்பிராணி போடுறாரு!"ன்னு கொழுந்தெடுக்குற அம்மாக்கண்ணு கையெடுத்துக் கும்பிட்டா. பின்னால வந்த சனமும் கும்பிட்டுச்சு. கங்காணியும் மீசையை நீவிக்கிட்டாரு.

அப்புறம் டமார்னு ஒரு சத்தம். கொதிதண்ணி சீறி, முன்னால நின்ன அவரு வேட்டியெல்லாம் நனைஞ்சு போச்சு. ஏத்தத்துக்காகச் சீவின லொறி, ஏத்தத்தைக் கண்ணால பாக்குறதுக்கு முன்னாலயே சமதரையில செத்துப் போச்சு.

வளையம் போட்டு எழும்பி, அன்னதான அரிசியை ஏத்திக்கிட்டு ஊர்வலத்துக்குப் பின்னால வந்த மீராசாஹிப் லொறியை மாயாண்டி முன்னால கூப்பிட்டான். அம்மனைத் தூக்கி மாத்துறப்ப, கங்காணி மொதலாளியை ஓரமா இழுத்துட்டுப் போனாரு.

"மொதலாளி, வண்டியை எனக்கு வாடகைக்குக் குடுத்துருங்க. கோயில் வாசல் வரைக்கும் அது என் வண்டியா இருக்கட்டும்."

"சாமி காரியத்துக்கு வாடகையா? சும்மா கொண்டு போங்க. நிக்கிற எடத்துலயெல்லாம் எஞ்சினை மட்டும் அணைக்கச் சொல்லுங்க."

கொண்டு போங்கன்னது போதாதா? கங்காணி ஏறி முன்சீட்டுல நெஞ்சை நிமித்திக்கிட்டு உக்காந்துட்டாரு. வாசலுக்கு வாசல் அணைச்சு அணைச்சு, மறுபடி கிளப்பிக் கிளப்பி, அந்த லொறி அரிசியையும் அம்மனையும் சேத்துத் தூக்கிக்கிட்டு, பள்ளிக்கூட ஏத்தத்துல முக்காம மொனகாம ஏறிப் போச்சு.

கோயில் வாசல்ல பூசாரி பட்டுத்துணியோட வந்தாரு. கங்காணி தலைப்பாவை அவுத்துக் கக்கத்துல வச்சுக்கிட்டு, பவ்யமா குனிஞ்சு நின்னாரு.

பூசாரி கட்டப் போனவரு நிமிந்து, "வண்டி யாரோடது?"ன்னாரு.

"கடை மொதலாளிது!" தோட்டமே சொல்லிச்சு.

தொப்பியைச் சரிபண்ணிக்கிட்டு ஒதுங்கி நின்ன மீராசாஹிப் பதறிப் போயிட்டாரு. "அல்லாவே, எனக்கு வேணாங்க. எங்க மார்க்கத்துல இல்ல. ஏறி வந்தது வண்டிதானே, நானா ஏறினேன்?"

எடுத்த துணியைக் கட்டாமத் திரும்பக் கொண்டு போக முடியாது. பூசாரி கங்காணியைச் சுத்திக்கிட்டு நடந்து போயி, லொறியோட முன்மூஞ்சியில இழுத்துக் கட்டிட்டாரு. பொண்ணுக கொலவை போட்டாங்க, தப்பு முழங்கிச்சு, சனமெல்லாம் அம்மனோட உள்ள போயிருச்சு.

கங்காணி குனிஞ்சது குனிஞ்சபடிக்கே நின்னாரு.

அம்மாக்கண்ணுதான் தோளைத் தொட்டா. "நிமிருங்க கங்காணியார். லொறிக்குக் கட்டியாச்சு."