சனிக்கிழமை வேலை

காரின் முன் பம்பரில் தயாளன் கயிற்றை இரண்டாம் சுற்று சுற்றி முடிச்சுப் போட்டபோதே, இது நடக்காது என்று ஷ்யாம்சுந்தருக்குத் தெரிந்துவிட்டது. கேட்டருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாலு பேரு உள்ளாற நின்னு கயித்த இஸ்துப் புடிங்க. நா செங்கல்ல எடுக்கிறேன். மெல்லமா வுட்டா தெருவுக்கு எறங்கிடும்," என்றார் தயாளன். எதிர்வீட்டுக்காரர். அந்தத் தெரு முழுவதும் ஒரு காலத்தில் அவர் அப்பாவின் வயல்.

"எறங்கி எங்க நிக்கும்?"

"எங்க, என் காம்பவுண்டு செவுத்துலதான்."

யாரோ சிரித்தார். சாவு வீடு என்பது நினைவுக்கு வந்து பாதியில் நிறுத்திக்கொண்டார்.

வெள்ளம் வந்ததற்குப் பிறகு முடிச்சூரில் கட்டிய வீடு. பயத்தில் ஐந்தடி உயர்த்திக் கட்டியிருந்தார்கள். போர்ட்டிகோவிலிருந்து தெருவுக்கு ஒரே சரிவு. குடியிருப்பு மாடியில். மாடிப்படி இரண்டு இடத்தில் திரும்பும், உடலை வைக்கும் ஐஸ் பெட்டி ஏறாது. போர்ட்டிகோவில்தான் வைக்க வேண்டும். அங்கே பழைய ஃபியட் நின்றது, நாலு சக்கரத்துக்கும் செங்கல் முட்டுக் கொடுத்து. அதற்குப் பிரேக் கிடையாது. ஹேண்ட் பிரேக் கேபிளையும் கழற்றிப் போட்டிருந்தாள், வண்டியைத் தானே சரிசெய்துவந்த அவன் மனைவி.

விஷ்ணுப்ரியா வியாழக்கிழமை காலை வங்கியில், யாருக்கோ பாஸ்புக்கை நீட்டியபடியே நாற்காலியில் சாய்ந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் முடிந்துவிட்டது. வயது முப்பத்து நாலு.

மாமனார் தோத்தாத்ரி கையில் போனோடு படியிறங்கி வந்தார். "மாப்பிள்ளை, அனிருத் பேசினான். ஆஸ்பத்திரில பேப்பரெல்லாம் ஆயிடுத்தாம். பதினோரு மணிக்குள்ள கொண்டு வந்துடறேங்கறான்."

அனிருத் அவர் மகன். போன வாரம்வரை அவன் அக்காவைக் கூட்டிண்டு வருவான். இப்போது கொண்டு வருகிறான்.

அப்போதுதான் தாவீதின் பைக் வந்து நின்றது. டேங்க்கின் மேல் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம். பம்மலில் ஷெட் வைத்திருக்கிற மெக்கானிக். நாலு மாதமாகச் சனிக்கிழமை தவறாமல் இந்தக் காருக்காக எட்டரைக்கு வந்துவிடுவான். இன்றும் சனிக்கிழமை.

அவனுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவன் ஷ்யாம்தான். முந்தின நாள் அவள் போனை எடுத்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுச் சொன்னான். 'தாவீது பம்மல்' என்ற பெயரில் கட்டைவிரல் ஒரு கணம் நின்றது. பிறகு அடுத்த பெயருக்குப் போய்விட்டது.

தாவீது பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பார்த்தான். தெருவில் டெம்போவின் மேல் இருந்த ஐஸ் பெட்டியைப் பார்த்தான். "யாரு சார்? பெரியவரா?" என்று கேட்டுக்கொண்டே வந்தவன், பெரியவர் படியில் நிற்பதைக் கண்டான்.

தயாளன்தான் சொன்னார்.

தாவீது அப்படியே சரிவில் உட்கார்ந்தான். "பிரியாக்கா... பிரியாக்கா..." தலையில் அடித்துக்கொண்டு சத்தமாக அழுதான். வீட்டில் அவள் விச்சு. வங்கியில் விஷ்ணு மேடம். பிரியா என்று ஒருத்தி இருந்தாள் என்பதே ஷ்யாமுக்கு இப்போதுதான் தெரியும். இரண்டு நாளாக அவனுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. இவனுக்கு எப்படி வருகிறது? யார் கொடுத்த உரிமை?

அழுகை நின்றதும் தாவீது வேஸ்ட் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அக்காவ எங்க வெப்பீங்க?"

"இங்கதான்."

அவன் காரைப் பார்த்தான். கயிற்றைப் பார்த்தான். "அத்த அவுருங்கண்ணே. ஒண்ணற மணி நேரம் குடுங்க. மாஸ்டர் சிலிண்டர் மட்டுந்தான் பாக்கி. புதுசு கொண்டாந்துகிறேன். பிரேக்கோடயே எறக்கிடலாம்."

"இன்னைக்கா? மெக்கானிக் வேலையா?" என்றார் தோத்தாத்ரி.

"கயிறு அறுந்துச்சுன்னா இன்னும் ஒரு பொணம் வுழும் பெரியவரே."

தோத்தாத்ரி மருமகனைப் பார்த்தார். ஷ்யாம் தலையசைத்தான். காரைத் தொட வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்திருந்தான்.

பானெட் திறந்தது. அந்தச் சத்தம் ஷ்யாமுக்குப் பழக்கம். மாடி அறையில் படுத்தபடி எத்தனை சனிக்கிழமை கேட்டிருக்கிறான். கீழே ஸ்பானர் விழும். "அமுக்குங்கக்கா. புடிங்க. வுட்றாதீங்க." பிறகு அவள் சிரிப்பு. ஒரு பிரேக் டப்பாவில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அவன் பேப்பரை மடித்து முகத்தில் போட்டுக்கொள்வான்.

முதலில் அவனைத்தான் கூப்பிட்டாள். பிரேக்கில் சிக்கிய காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் சக்கரத்தின் பின்னால் படுத்து நிப்பிளை, காற்றை வெளியே விடும் சின்னத் திருகை, திறப்பார். காற்றும் ஆயிலும் பீய்ச்சும். நிப்பிளை மூடும்வரை பெடலில் இருந்து காலை எடுக்கக் கூடாது. அவன் எடுத்துவிட்டான். போன் வந்தது, எடுத்துவிட்டான். காற்று மறுபடி உள்ளே போயிற்று. "ஒரு அஞ்சு செகண்ட் என் பேச்சக் கேட்டுண்டு இருக்க முடியாதா உன்னால?" என்றாள். அவன் மாடி ஏறிப் போனவன் பிறகு இறங்கவில்லை. அடுத்த சனிக்கிழமை தாவீது வந்தான்.

ஒன்பதரைக்குள் பழைய சிலிண்டர் வெளியே வந்துவிட்டது. தாவீது அதைத் தரையில் தட்டினான். பிஸ்டனோடு ரப்பர் கப் வந்து விழுந்தது. ஊறவைத்த கொண்டைக்கடலை போல உப்பியிருந்தது.

அந்தக் கணத்துக்காகத்தான் ஷ்யாம் அவ்வளவு நேரம் அங்கேயே நின்றான்.

இரண்டு மாதத்துக்கு முன்னால், வங்கிக்குக் கிளம்பும் அவசரத்தில் அவள் சொன்னாள், "ஷ்யாம், பிரேக் ஆயில் கொறைஞ்சிருக்கு, கொஞ்சம் ஊத்திடேன்." ஷெல்ஃபில் இரண்டு டப்பாக்கள். ஸ்கூட்டருக்கு வாங்கி மிச்சமிருந்த என்ஜின் ஆயிலை அவன் எடுத்தான். பாதி ஊற்றியபோது தெரிந்துவிட்டது. நிறுத்தவில்லை. மூடியைத் திருகிவிட்டு மேலே போனான். வண்டி ஓடுகிற வண்டி இல்லை, யாருக்கும் ஆபத்து இல்லை. இது வீணாய்ப் போனால் சனிக்கிழமைகள் முடிந்துவிடும் என்று நினைத்தான். முடியவில்லை. அதற்குப் பிறகுதான் தாவீது காலையில் வந்து மாலைவரை இருக்க ஆரம்பித்தான். ஒவ்வொரு சக்கரமாகக் கழற்றிக் கோளாறைத் தேடினார்கள்.

தாவீது அந்தக் கப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். செய்தித்தாளில் சுருட்டி ஓரமாக வைத்தான்.

"ஏன் அப்படி ஊதியிருக்கு?" என்று கேட்டான் ஷ்யாம். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"மாத்தி ஊத்திகீது சார். என்ஜின் ஆயிலு பட்டா இந்த ரப்பர் தாங்காது. நாலு வீல் கப்பும் இப்பிடித்தான் இருந்துச்சு. எல்லாம் மாத்தி, பைப்ப ஸ்பிரிட் வுட்டுக் கழுவி... ரெண்டு மாசம் இதான் வேல."

"யாரு ஊத்தினாங்களாம்?"

தாவீது புது சிலிண்டரின் போல்ட்டை முறுக்கிக்கொண்டிருந்தான். "மொத வீலு கழட்டுனப்பவே கேட்டேன். 'நான்தாம்பா தூக்கக் கலக்கத்துல ஊத்திட்டேன், எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடாத, சிரிப்பாரு'ன்னாங்க." இன்னும் ஒரு முறுக்கு. "டப்பாவ மோந்து பாக்காம அக்கா ஊத்தாது. சரி, நமக்கு இன்னான்னு வுட்டுட்டேன்."

அவன் நிமிரவே இல்லை.

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இரண்டு மாதம் அவனோடு ஒரே தட்டில் முறுக்கு எடுத்துத் தின்றிருக்கிறாள், ஒரே போர்வையை இழுத்திருக்கிறாள், ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தப் பொய்யைக்கூட இவனிடம்தான் சொல்லியிருக்கிறாள். ஷ்யாமுக்கு நெஞ்சில் ஏதோ எரிந்தது. வெட்கம் என்று நினைத்தான். வெட்கம் மட்டும் இல்லை. அவள் சொன்ன பொய் ஒன்று தன்னிடம் இல்லாமல் தாவீதிடம் இருந்தது.

"அண்ணே, நீங்க ஏறிக் குந்துங்க. பெடலு அமுக்கணும்," என்று தாவீது தயாளனைக் கூப்பிட்டான்.

தயாளன் கதவைத் திறந்தார். டிரைவர் சீட்டில் அவள் விரித்த நீல டர்க்கி டவல் கிடந்தது. அவர் ஒரு காலைச் செருப்போடு உள்ளே வைத்தார்.

"ஏறாதீங்க," என்றான் ஷ்யாம். "நான் அமுக்கறேன்."

"மாப்பிள்ளை, நீங்கதான் கர்த்தா. கர்மம் பண்ணி வைக்க வாத்தியார் வர நேரம்..." என்றார் தோத்தாத்ரி.

"குளிச்சுக்கறேன் மாமா."

சீட் மிக முன்னால் இருந்தது. முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. பின்னுக்குத் தள்ளாமல் உட்கார்ந்தான். தாவீது இடது பின் சக்கரத்துக்கு அடியில் படுத்தான். பெடலுக்கு ரொம்பத் தூரத்துச் சக்கரத்திலிருந்து தொடங்க வேண்டும்.

"மூணு தபா அமுக்குங்க சார். புடிங்க."

பிடித்தான். நிப்பிள் திறந்ததும் பெடல் காலடியில் சேற்றில் போவது போலப் போயிற்று. பாட்டிலில் நுரை கொப்புளிக்கும் சத்தம்.

"வுட்றாதீங்க."

விடவில்லை.

"மூடிட்டேன். இப்ப வுடுங்க."

எட்டு முறை, பத்து முறை. பிறகு வலது பின் சக்கரம். பிறகு முன்னால். மாடியில் பெண்கள் கூடத்தில் ஏதோ பேசிக்கொண்டார்கள். இங்கே மூன்றே வார்த்தைதான். அமுக்குங்க, புடிங்க, வுடுங்க. அவன் ஒவ்வொன்றையும் கேட்டான். சொன்னதற்கு முன்னால் ஒருமுறைகூடக் காலை எடுக்கவில்லை.

கடைசிச் சக்கரத்தில் பெடல் பாதியிலேயே கல்லாக நின்றது. தாவீது எழுந்து வந்து ஜன்னலில் குனிந்தான். "புடிச்சிக்கினே இருங்க. கீழ போவுதா?"

"இல்ல."

"நல்லாப் பாருங்க. மெதுவா எறங்கும், தெரியாது."

ஒரு நிமிடம் மிதித்தபடி உட்கார்ந்திருந்தான். இறங்கவில்லை.

"நாலு மாசம் சார்," என்றான் தாவீது. "அக்கா இதுக்குத்தான் சார் நாலு மாசம்..." மேலே பேசாமல் செங்கல்லை எடுக்கப் போனான்.

"நான் எறக்கட்டுமா சார்? சரிவு ஜாஸ்தி," என்று அங்கிருந்தே கேட்டான்.

"வேண்டாம்."

செங்கற்கள் போயின. நியூட்ரல். ஷ்யாம் பெடலை ஒரு விரற்கடை விட்டான். கார் பின்னோக்கி நகர்ந்தது. மிதித்தான். நின்றது. பழைய வண்டியின் எடை முழுவதும் வலது காலில் இருந்தது.

சரிவின் பாதியில் இருந்தபோது, தெருவில் ஏதோ வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. ரியர்வியூ கண்ணாடியைப் பார்த்தான். தெரு தெரியவில்லை. பின்சீட்டின் ரெக்ஸின்தான் தெரிந்தது. அது அவள் உயரத்துக்குத் திருப்பி வைத்தது.

"ஆம்புலன்ஸ் வந்துடுச்சு சார். பின்னாடியே நிக்குது. பாத்து." தாவீது காரோடு கூடவே நடந்து வந்தவன், ஜன்னல் வழியாகக் கையை உள்ளே நீட்டினான். "மிரர திருப்பிக்கிங்க, தெரியாது."

"தொடாத!"

சத்தம் அதிகமாகிவிட்டது. நாற்காலிகளில் இருந்தவர்கள் எழுந்தார்கள். மாடிக் கைப்பிடியில் இரண்டு பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். தாவீது கையை எடுத்துக்கொண்டான்.

ஷ்யாம் கண்ணாடியை விட்டுவிட்டு ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டித் திரும்பிப் பார்த்தான். வெள்ளை வண்டி சரிவின் அடியில் நின்றது. முன்சீட்டில் அனிருத். டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை. கை காட்டினார், வாங்க என்று.

காலை ஒரு விரற்கடை தளர்த்தினான். கார் ஒரு சாண் இறங்கியது. ஆம்புலன்ஸ் ஒரு சாண் பின்வாங்கி இடம் கொடுத்தது. மறுபடி தளர்த்தினான். ஆம்புலன்ஸ் மறுபடி பின்னால் போயிற்று.