லேசான கிளட்ச்

மெக்கானிக் அவள் முன்னால் மேசைமேல் இரண்டு கிளட்ச்களை எடுத்து வைத்தார். இரண்டும் சாப்பாட்டுத் தட்டு அளவில், பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருந்தன.

"இது லேசானது, அக்கா. காலை வச்சாலே பெடல் இறங்கும். அது பந்தயக்காரங்க போடுறது. வழுக்கவே வழுக்காது, ஆனா மிதிச்சு முடிக்கிறதுக்குள்ள தொடை கழண்டுடும். சாருக்கு இதுதான் சரி."

சார் என்றால் அவள் கணவர். பல் பிடுங்கி, கன்னம் வீங்கி, வீட்டில் படுத்திருந்தார். "லேசா மிதிக்கிறது எதுவோ அதையே எடு. பேரத்துல உன்னை மிஞ்ச ஆள் இல்ல" என்று வாயைத் திறக்காமலேயே சொல்லி அனுப்பியிருந்தார்.

வண்டி, இரண்டே பேர் உட்காரக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார். அவள் கல்யாணமாகி வருவதற்கு முன்பே அந்த வீட்டுக்கு வந்தது. அதனால் அதற்கு மூத்தாள் என்று பெயர் வைத்திருந்தாள். மூத்தாளுக்கு எண்ணெய் மாற்றும் நாளில் இளையாளுக்குக் காய்ச்சல் வந்தால்கூடக் கேட்க நாதியில்லை என்பாள். அவரும் சிரிப்பார்.

போன வாரம் தபால் நிலைய முனையில் அவர் வண்டியைத் திருப்பியபோது, சைக்கிளில் வந்த ஒரு பெண் பின்பக்கம் உரசிக் கீழே விழுந்தாள். அவர் பார்க்கவில்லை. எஞ்சின் சத்தத்தில் கேட்கவும் இல்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இவள் பக்கக் கண்ணாடியில் எல்லாவற்றையும் பார்த்தாள். அந்தப் பெண் எழுந்து, முழங்கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ கத்தினாள். இவள் வாயைத் திறக்கவில்லை. வண்டி போய்க்கொண்டே இருந்தது.

அன்றிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இனி அவர் வண்டி ஓட்டக் கூடாது. ஆனால் உங்களுக்குக் கண்ணு தெரியல, காது கேக்கலன்னு அந்த மனுஷனிடம் யார் சொல்வது? பாம்பும் சாக வேண்டும், கம்பும் முறியக் கூடாது. அதற்கு ஒரு வழி இதோ மேசைமேல் இருக்கிறது.

"பந்தயக்காரங்களோடதையே போடுங்க தம்பி."

"அக்கா, எனக்கே கால் புடுங்கும்."

"அவர்தான் கேட்டார். அவர் பிடிவாதம் உங்களுக்குத் தெரியாதா?"

வீட்டுக்கு வந்து, "நீங்க சொன்ன மாதிரியே லேசானதா பார்த்து வாங்கிட்டேன்" என்றாள். பொய் சொல்வது இவ்வளவு சுலபமாக இருந்ததே அவளைப் பயமுறுத்தியது.

கன்னம் வடிந்ததும் அவர் வண்டியை எடுத்தார். வாசலிலேயே இரண்டு தடவை அணைந்தது. தெருக்கோடி வரை போய்த் திரும்பி வந்தவருக்கு இறங்கும்போது இடது கால் நடுங்கியது.

"வண்டி மேல குத்தமில்ல. லேசானதையே மிதிக்க முடியல. என் கால்தான் போச்சு" என்றார்.

சாவியை அவரே கொக்கியில் மாட்டிவிட்டார். அன்று சாயங்காலம் அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டாள் என்றுகூடச் சொல்லலாம்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை மறுநாள் தொடங்கியது. அவர் கால் போய்விட்டதாக நம்பிவிட்டார். காலை நடையை நிறுத்தினார். ஒரு கைத்தடி வாங்கினார். மாடியில் இருந்த படுக்கையைக் கீழே இறக்கச் சொன்னார். டாக்டர் காலைத் தட்டிப் பார்த்து, ஊசியால் குத்திப் பார்த்து, ஒன்றுமில்லை என்றார். டாக்டர் மறைக்கிறார் என்று இவர் முடிவு கட்டினார். தண்ணீர்த் தொட்டியின் மோட்டாரை எப்படிப் போடுவது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார், தான் இல்லாமல் போனால் அவள் திண்டாடக் கூடாதாம். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். ஒரு பெடலை எடுத்துக்கொள்ளப் போய் அவருடைய காலையே எடுத்துவிட்டாள்.

குளியலறை வாசலில் ஒருநாள் அவர் கையை நீட்டினார். "கொஞ்சம் பிடிச்சுக்கோம்மா. விழுந்துடுவேனோன்னு இருக்கு."

அதற்குமேல் அவளால் முடியவில்லை.

"உங்க காலுக்கு ஒண்ணுமில்லைங்க. நான்தான் அந்த முரட்டு கிளட்சை வாங்கினேன். வேணும்னேதான் வாங்கினேன்."

அவர் அவளையே பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவரோ கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு இடது காலால் தரையை ஓங்கி மிதித்தார். இன்னொரு தடவை மிதித்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"அடிப்பாவி. அப்ப என் கால் நல்லாத்தான் இருக்கா?"

கோபமே வரவில்லை அவருக்கு. ஏன் வாங்கினாய் என்றுகூடக் கேட்கவில்லை. மூத்தாள் மேல இன்னும் உனக்குப் பொறாமைதான் என்று கேலி செய்தபடி போனை எடுத்தார். "நாளைக்கே இதைக் கழட்டிட்டு அந்த லேசானதைப் போடச் சொல்றேன். சாயங்காலம் உன்னை ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போறேன், பாரு."

அவள் போனை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். எதைச் சொல்லாமல் இருக்க இத்தனையும் செய்தாளோ, அதைச் சொல்லியாக வேண்டியிருந்தது. சொன்னாள். தபால் நிலைய முனை, சைக்கிள், முழங்கை, எல்லாம்.

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு உடனே போகவில்லை. மெல்ல மெல்லத்தான் போனது. கட்டிலில் உட்கார்ந்தார்.

"நான் பாக்கல. சரி. நீ பாத்தியே, ஏன் நிறுத்தச் சொல்லல?"

"உங்க மனசு உடைஞ்சு போயிடும்னுதான்..."

"என் மனசு கிடக்கட்டும். அந்தப் பொண்ணு கை என்ன ஆச்சு?"

அவளுக்குத் தெரியவில்லை. அந்தப் பெண் விழுந்த நாளிலிருந்து அவள் கடைக்குப் போவதெல்லாம் அந்த முனையைத் தவிர்த்து, பின்தெரு வழியாகத்தான்.