காசி ஆட்டோ

செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்கு எதிரே ஆட்டோவை நிறுத்திவிட்டு, காசி போனையே பார்த்துக்கொண்டிருந்தான். மணிக்கட்டு முறிந்து, மாவுக்கட்டோடு வீட்டில் முடங்கிக் கிடந்தவன், கட்டுப் பிரித்து ஒரு வாரமாக வண்டி எடுக்கிறான். விடுதியிலிருந்து ஒரு சவாரிகூட வரவில்லை. முன்பெல்லாம் டீ ஆறுவதற்குள் இரண்டு முறை கூப்பிடுவார்கள்.

அந்த விடுதியின் முதலாளி அருண்பிரசாத்துக்கு அந்தப் பக்கத்தில் மூன்று கட்டடங்கள். ரூமுக்கு ஒரு செல்போன் வைத்திருந்தார்கள். ஆபீஸ் மெயிலில் ஒரு நம்பரை ஏற்றினால் போதும், எல்லா ரூம் போன்களிலும் வேலையாட்களின் போன்களிலும் அது தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். சவாரி நேரமும் அப்படித்தான். 'காலை ஐந்தரை, கிரிவலம், இரண்டு பேர்' என்று காசியின் காலண்டரில் வந்து நிற்கும். ரிசப்ஷனில் இருக்கும் மதிவதனிதான் அந்த ஆபீஸ் மெயிலை அவன் போனிலும் போட்டுக் கொடுத்தாள். இப்போது அந்தக் காலண்டர் வெறிச்சோடிக் கிடந்தது.

நம்பர்களாவது இருக்கின்றனவா என்று தேடினான். எல்லாம் இருந்தன. 'காசி ஆட்டோ' என்று அவன் பேரும் இருந்தது. ஆனால் அதற்குக் கீழே இருந்த நம்பர் அவனுடையது இல்லை. அந்தப் பெண் அவசரத்தில் தப்பாகப் போட்டுவிட்டாள், நம் சவாரியெல்லாம் எவனுக்கோ போய்க்கொண்டிருக்கிறது என்று நினைத்து அந்த நம்பரை அழுத்தினான்.

"வணக்கங்க, காசி ஆட்டோ. எங்க வரணும்?"

"யார்ரா நீ?"

"காசிங்க."

"எந்த ஊரு காசி?"

அந்தப் பக்கம் குரல் இறங்கியது. "அண்ணா, நீங்களா? நான் வேங்கிக்கால் முருகையன்ணா. விடுதி சார் புதுசா வண்டி வாங்கியிருக்காரு, கூலிக்கு ஓட்டறேன். ரூம்லருந்து கூப்பிட்டா இந்தப் பேரத்தான் சொல்லணும்னுட்டாரு. நான் இன்னாண்ணா பண்ணட்டும்?"

காசி போனை அணைத்துவிட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டு நேராக விடுதிக்குப் போனான்.

அவனைக் கண்டதும் மதிவதனி நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டாள்.

"நீயாம்மா மாத்தினே?"

"சார் பக்கத்துலயே நின்னு மாத்தச் சொன்னாருண்ணா. இங்க ஒரு எடத்துல மாத்தினேன், எல்லா போன்லயும் மாறிப்போச்சு."

"எம்போன்ல எம்பேரு. அதுல எவன் நம்பரோ வந்து குந்திக்கினு கீது. நல்லா இருக்குதும்மா இது!"

சத்தம் கேட்டு அருண்பிரசாத் உள்ளேயிருந்து வந்தான். காசியைவிடப் பத்து வயது சின்னவன். "வாங்க காசி, கை தேவலையா?" என்றான் சிரித்த முகமாக. அந்தச் சிரிப்புதான் காசிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எம்பேர எதுக்கு சார் அவனுக்குக் குடுத்தீங்க?"

"கோச்சுக்காதீங்க. வர்றவங்க எல்லாம் ரிவ்யூவப் படிச்சுட்டு காசி வேணும், காசி வேணும்ங்கறாங்க. நீங்களோ படுத்துட்டீங்க. வேற பேரச் சொன்னா வெளிய போய் வண்டி பிடிச்சுக்கறாங்க."

"அந்த ரிவ்யூ என்னப் பத்தி எழுதினது சார்."

"நம்ம விடுதிக்கு எழுதினது, காசி."

"சரி சார், அதான் நான் வந்துட்டேனே. எந்நம்பரப் போடுங்க."

"சொந்த வண்டிய வாங்கிட்டு சும்மா நிறுத்தி வெக்க முடியுமா?" அருண்பிரசாத் சற்று யோசித்தான். "ஒண்ணு செய்யலாம். கூட்டம் ஜாஸ்தியா இருக்கற நாள்ல உங்களையும் கூப்பிடறேன். மதி, இவர் நம்பர புதுசா ஏத்திடு."

"என்ன பேர்ல சார்?"

"காசி டூ."

காசிக்குக் கையிலிருந்த போனை அந்த முகத்தில் வீசினால் என்ன என்று தோன்றியது. முந்தின நாள்தான் பைனான்ஸ்காரன் வாசலில் நின்று, அடுத்த வாரம் வண்டியைத் தூக்கிவிடுவேன் என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

"நான்தான் சார் காசி. அவனப் போடுங்க ரெண்டுன்னு."

"எல்லாத்துலயும் ஏறிடுச்சு. திரும்ப மாத்தினா கெஸ்ட் எல்லாம் கொழம்பிடுவாங்க."

காசி மதிவதனி பக்கம் திரும்பினான். "மாத்தறதுக்கு எம்மா நேரம்மா ஆவும்?"

அவள் முதலாளியைப் பார்த்தாள். "ஒரு நிமிஷம்ணா," என்றாள், வாய்க்குள்ளேயே. பிறகு குனிந்து தட்டச்சு செய்ய ஆரம்பித்தாள். அவன் படியிறங்குவதற்குள் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்க்காமலே தெரிந்தது, 'காசி டூ' ஏறிவிட்டது என்று. வெளியே வந்து அவன் வைத வசவில் இளநீர்க்காரர் அரிவாளை அப்படியே வைத்துவிட்டுப் பார்த்தார். அந்த மெயிலையே போனிலிருந்து எடுத்துவிடப் பார்த்தான். 'நீக்கவா?' என்று கேட்டது. பைனான்ஸ்காரன் முகம் நினைவுக்கு வந்தது. போனைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

சனிக்கிழமை காலண்டரில் ஒரு சவாரி வந்தது. சென்னையிலிருந்து வந்த கணவன் மனைவி, கிரிவலம். காசி நேரத்துக்கு முன்பே போய், சீட்டைத் துடைத்துவைத்துவிட்டு நின்றான். அந்த அம்மா கையில் கொண்டுவந்த ரூம் போனையும் அவனையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"நீங்கதான் காசி டூவா?"

"ஆமாங்கம்மா."

"ஒன் கிடைக்கலையா? நாங்க ரிவ்யூ படிச்சுட்டு அவரத்தான் கேட்டோம். கிரிவலப் பாதையில வாயுலிங்கம் கிட்ட ஒரு வயசானவங்க மயங்கி விழுந்தப்ப தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாராம். அவங்க பொண்ணு வர்ற வரைக்கும் வெளியவே உக்காந்திருந்தாராம். சவாரிக் காசுகூட வாங்கலையாம். இந்தக் காலத்துல அப்படி யாருங்க இருக்காங்க?"

காசி ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்தக் கிழவியின் கனம் இன்னும் அவன் தோளுக்குத் தெரியும். நான்தான் அது என்று வாய்வரை வந்தது. அருண்பிரசாத் மாடியில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தான்.

"அவரு பிஸிங்கம்மா," என்றான் காசி.

"பரவால்ல, அடுத்த வாட்டி அவரையே கேட்டு வாங்கிக்கறோம்." அந்த அம்மா புடவையை ஒதுக்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். "நீங்க கொஞ்சம் பாத்து ஓட்டுங்க, என்ன?"

காசி பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியை மெதுவாக எடுத்தான்.